காசில்லாத படத்தில் சாகசக் காட்சி: சுங்கை சிப்புட் இளைஞர்களுக்கு ஒரு பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் இளைஞர் குழு கேட்டிருக்கிறது: 25 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம், கையில் 8,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் துரத்தல், பழைய ரப்பர் புகைக்கூடத்தின் கூரையிலிருந்து ஒரு குதி, பாராங் (வெட்டுக்கத்தி) சண்டை, 1948ஆம் ஆண்டை நினைவுகூரும் ஒரு துப்பாக்கிச் சூடு, கடைசியில் ரயில் தண்டவாளத்தில் நாயகனும் வில்லனும் மோதுவது என்று கதை போகிறது. சண்டைப் பயிற்சியாளருக்குக் கொடுக்கப் பணமில்லை. குழுவில் ஒருவர் சிலம்பம் கற்றவர், மோட்டார் சைக்கிளிலும் கைதேர்ந்தவர். எல்லாவற்றையும் தானே செய்வதாகச் சொல்கிறார். ஆபத்தில்லாமல் எடுப்பது எப்படி?

தம்பிகளே, தண்டவாளம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுக்கலாம். ஆனால் எழுதி வைத்திருக்கும் விதத்தில் ஒன்றைக்கூட எடுக்க முடியாது. “அவன் கூரையிலிருந்து குதிக்கிறான்” என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதை எத்தனை துண்டாக எடுப்பது என்று யோசிக்காமல் எழுந்துவிடுகிறோமே, ஆபத்து அந்த மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. பெரிய படக்குழு அந்த வரியைப் பணத்தால் நிரப்புகிறது: கம்பி, காற்று மெத்தை, கணினி வரைகலை. பணமில்லாதவர்கள் ஒருவருடைய எலும்பால் நிரப்பப் பார்க்கிறார்கள். நிரப்ப வேண்டியது கத்தரிக்கோலால், அதாவது படத்தொகுப்பால்.

முதலில் அந்தத் தைரியசாலியைப் பற்றி. தொலைக்காட்சி நாடகங்களில் சண்டைக் காட்சி அமைக்கும் இடங்களில் அவரைப் போன்ற பலரைப் பார்த்திருக்கிறேன். தைரியம் இந்தத் தொழிலில் பெரிய தகுதியே இல்லை. ஒரே இடத்திலிருந்து கிளம்பி, ஒரே வேகத்தில் போய், ஒரே குறியில் பத்து முறை நிற்க முடிகிறதா என்றுதான் பார்ப்போம். பத்து முறை செய்து காட்ட முடியாததை ஒரு முறையும் கேமரா முன் செய்யக்கூடாது. தேர்ச்சி இருந்தாலும் ஏற்பாடு தவறினால் உயிர் போகும். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் கவிழும் காட்சியில் இறந்த ராஜு அனுபவம் மிக்க சண்டைக் கலைஞர். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் சென்னையில் சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்த ஏழுமலையும் சண்டைக் கலைஞரே. அவர்களுக்குப் பின்னால் பெரிய நிறுவனங்கள் இருந்தன. உங்கள் நண்பருக்குப் பின்னால் நீங்கள் நாலு பேர்தான் இருக்கிறீர்கள்.

தண்டவாளத்தை ஏன் முழுதாக மறுக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் வழியாகப் போவது ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான மின்மயமாக்கப்பட்ட இரட்டைத் தடம். ஈடிஎஸ் என்னும் மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வரும். அது நொடிக்கு 39 மீட்டர். பழைய டீசல் வண்டியைப் போலத் தூரத்திலேயே இரைச்சல் கேட்காது. வளைவுக்கு அப்பால் இருக்கிறது என்று நினைக்கும்போது உங்கள் மேல் வந்திருக்கும். ஒரு தடத்து வண்டியிலிருந்து விலகி அடுத்த தடத்தில் நின்றவர்களை எதிர்த்திசை வண்டி அடித்துப்போட்ட கதைகள் உலகமெங்கும் உண்டு. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும். ஒலிவாங்கியைக் கட்டிய நீளமான உலோகக் கழியைத் தூக்கிப் பிடிக்கும் பையனை அந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

2014 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தண்டவாளப் படப்பிடிப்பு ஒன்று சாவில் முடிந்தது. ரயில் நிறுவனம் அனுமதி மறுத்திருந்தும் ஒரு படக்குழு ஆற்றுப் பாலத்தின் மேலிருந்த தண்டவாளத்தில் ஒரு கட்டிலைப் போட்டுப் படமெடுத்தது. சரக்கு ரயில் வந்தது. சாரா ஜோன்ஸ் என்ற 27 வயது கேமரா உதவியாளர் இறந்தார். இயக்குநர் சிறைக்குப் போனார். அந்தக் குழுவில் யாரும் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் இல்லை. “சட்டென்று எடுத்துவிட்டு வந்துவிடலாம்” என்று நினைத்தவர்கள், அவ்வளவுதான்.

அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டியதில்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் சரளைக்கல் கொட்டி, துருநிறம் பூசிய இரண்டு நீள மரச்சட்டங்களைத் தண்டவாள அகலத்தில் போடுங்கள். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, கால்களும் முகங்களும் மட்டும் தெரியும்படி நெருக்கமாக எடுங்கள். இரவுக் காட்சியாக்கினால் இன்னும் வசதி. ரயில் கடப்பதைக் காட்ட ரயில் வேண்டாம். ஒரு பலகையில் சன்னல் போலச் சதுரத் துளைகள் வெட்டி, விளக்கின் முன்னால் ஒருவர் வேகமாக இழுத்துக்கொண்டு ஓடினால் நடிகர்களின் முகத்தில் வெளிச்சம் பெட்டி பெட்டியாக ஓடும். இலை ஊதும் இயந்திரத்தால் சட்டையும் தலைமுடியும் படபடக்கட்டும். ஒலியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். உண்மையான ரயிலை நிலைய மேடையிலிருந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, தனியாக இரண்டு நொடி எடுத்துச் செருகினால் போதும். அதற்கும் நிலைய அதிகாரியிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

அடுத்து கூரை. 10 அடி உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 20 அடியென்றால் 39. கால் ஊன்றிக் குதித்தால் குதிகால், முழங்கால், கீழ் முதுகு என்று வரிசையாக அடி ஏறும். அதைவிட எனக்குக் கவலை தருவது கூரைதான். பழைய தோட்டக் கட்டடங்களில் துருப்பிடித்த தகரமோ அஸ்பெஸ்டாஸ் ஓடோ இருக்கும். அஸ்பெஸ்டாஸ் ஓடு பார்வைக்குத் திடமாகத்தான் தெரியும், மிதித்த இடத்தில் அப்படியே உடைந்து ஆளை உள்ளே இறக்கிவிடும். உங்கள் நண்பர் குதிப்பதற்கு முன்பே விழுந்துவிடுவார். எனவே அந்தக் கூரை மேல் யாரும் ஏறக்கூடாது, கேமராவும் ஏறக்கூடாது.

இந்தக் குதியை நான்கு துண்டாகப் பிரியுங்கள். கூரை விளிம்பைப் போன்ற ஒரு தகரத் துண்டை இடுப்பளவு உயரமுள்ள உறுதியான மேடையில் பொருத்தி, கீழிருந்து மேல்நோக்கி வானம் பின்னணியாக இருக்கும்படி எடுங்கள். நடிகர் கேமராவின் சட்டத்தை (ஃபிரேமை) விட்டுத் தாவி வெளியேறுவது முதல் துண்டு. புகைக்கூடத்தின் முழு உயரமும் தெரியும் தூரக் காட்சியில் அதே உடை போட்ட பொம்மை விழுவது இரண்டாவது. அதை அரை நொடிக்கு மேல் காட்டாதீர்கள், பொம்மை விழும் விதம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கீழே நின்று பார்ப்பவரின் முகம் மூன்றாவது. நடிகர் முழங்கால் உயரத்திலிருந்து சட்டத்துக்குள் இறங்கி உருள்வது நான்காவது. ‘தொப்’பென்ற சத்தம் மூன்றாவதன் மேல் விழ வேண்டும், நான்காவதன் மேல் அல்ல. பார்ப்பவர்களின் மனம் மீதியை இட்டுக்கட்டிக்கொள்ளும்.

அந்த இடுப்பளவுத் தாவலுக்கும் மெத்தை வேண்டும். பஞ்சு மெத்தையை மட்டும் போட்டால் கணுக்கால் புரளும். மளிகைக் கடைகளிலும் மின்சாதனக் கடைகளிலும் கிடைக்கும் பெரிய அட்டைப்பெட்டிகளைக் காலியாக, வாயை ஒட்டாமல் மடித்து, நெருக்கமாக அடுக்குங்கள். உள்ளே காற்று இருக்க வேண்டும், அழுத்தும்போது அது வெளியேறவும் வேண்டும். சுற்றிலும் கயிறு கட்டி, மேலே உடற்பயிற்சி விரிப்பைப் போட்டுத் தார்ப்பாய் இழுத்து மூடுங்கள். சண்டைக் கலைஞர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் முறை இது. ஒரு முறை நசுங்கிய பெட்டியை மறுபடி நம்பாதீர்கள், மழை ஈரம் பட்ட பெட்டியைத் தொடவே வேண்டாம். இந்த ஏற்பாடு கையில் இருக்கிறதே என்று உயரத்தைக் கூட்டும் ஆசை வரும். வேண்டாம்.

கயிற்றில் தொங்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் ஒரு வார்த்தை: ரப்பர் மரத்தின் கிளை காற்றுக்கே முறியும். அதில் மனிதரைத் தொங்கவிடக்கூடாது. இரும்புக் கடை நைலான் கயிறும் மனிதர் விழுவதைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல.

பாராங் சண்டையில்தான் உங்கள் நண்பரின் சிலம்பத்தைக் கவனிக்க வேண்டும். அடி சரியாகப் பட வேண்டும் என்று பல ஆண்டுகள் பழகிய கை அது. சினிமாவுக்கு அடி படவே கூடாது. வேகம் ஏறும்போது பழகிய கை தன் பழக்கத்துக்குத் திரும்பும். அதனால் அவரைக் காலடி வைப்புக்கும் உடல் திருப்பத்துக்கும் பயன்படுத்துங்கள், எதிராளியின் தலைப் பக்கம் வீசும் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். வீச்சுக்கும் உடலுக்கும் இடையில் ஒரு முழம் இருக்கட்டும். கேமரா அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ வாங்குபவரின் முதுகுக்குப் பின்னாலோ இருந்தால் அந்த முழம் திரையில் தெரியாது, பக்கவாட்டில் வைத்தால் அப்பட்டமாகத் தெரியும். அடியை நம்பவைப்பவர் அடிப்பவர் அல்ல, வாங்குபவர். தலை எப்போது திரும்புகிறது, மூச்சு எப்போது வெளியேறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் வாங்குபவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், அவர் தயார் என்று தெரிந்த பிறகுதான் கை நகர வேண்டும். ஒத்திகை கால் வேகம், அரை வேகம், முக்கால் வேகம் என்று ஏறட்டும். முழு வேகம் தேவையே இல்லை. சண்டையை எட்டுப் பத்து அசைவுகளுக்கு மேல் நீட்டாதீர்கள், இரண்டு மூன்று அசைவுகளாக வெட்டி எடுங்கள். களைத்தவர்தான் எண்ணிக்கையை மறப்பார்.

கத்தியை ஈவிஏ நுரைப் பலகையில் வெட்டுங்கள், செருப்பின் அடியில் இருப்பதே அது. வெள்ளி நிறம் பூசி, ஓரத்தில் கொஞ்சம் அழுக்கு தடவினால் போதும். ஒட்டுப்பலகைக் கத்தி வேண்டாம், அதன் முனை கண்ணைக் கெடுக்கும், சிலாம்பும் ஏறும். மழுங்கடித்த உண்மைப் பாராங்கும் இரும்புதான். தோட்டத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் கூடையிலும் உண்மைப் பாராங் ஒன்று கிடக்கும். பரபரப்பில் யாராவது அதை எடுத்து நடிகரிடம் நீட்டுவது நடக்கக்கூடிய காரியம். படப்பிடிப்பு வட்டத்துக்குள் உண்மைக் கத்தி எதுவும் இருக்கக்கூடாது, உதவிக்கு வந்த மாமாக்களின் வண்டியும் அடக்கம். பளபளப்பான நெருக்கக் காட்சி வேண்டுமானால் சண்டை இல்லாத வேறொரு நாளில் எடுங்கள்.

போத்தல் உடைக்கும் ஆசை இருந்தால், சர்க்கரைப் பாகை 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி அச்சில் ஊற்றிச் செய்யும் ‘கண்ணாடி’ உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் அது சீக்கிரமே பிசுபிசுத்துவிடும். காய்ச்சிய அன்றே பயன்படுத்துங்கள், அதுவரை காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். அதையும் முகத்தில் உடைக்க வேண்டாம்.

துப்பாக்கிக்கு அதிகம் எழுதப்போவதில்லை. 1948 ஜூன் 16 அன்று உங்கள் ஊர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்த வரலாறு. அன்று லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த சனங்கள் துப்பாக்கியைப் பார்த்திருக்க மாட்டார்கள், சத்தத்தைத்தான் கேட்டிருப்பார்கள். உங்கள் காட்சியையும் அங்கே வையுங்கள்: ரப்பர் பால் வாளியோடு நிற்கும் ஒரு பெண், தூரத்தில் வெடிச்சத்தம். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. வெற்றுத் தோட்டாவை (முனையில் குண்டில்லாமல் வெடிமருந்து மட்டும் உள்ளதை) வைத்துக்கொண்டு ‘வெறும் சத்தம்தானே’ என்பவர்களுக்கு: 1984இல் ஜான் எரிக் ஹெக்சம் என்ற நடிகர் விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தி இறந்தது வெற்றுத் தோட்டாவால்தான். 1993இல் நடிகர் பிராண்டன் லீயைக் கொன்றது குழலுக்குள் சிக்கிக்கிடந்த தோட்டா முனை; அடுத்து வெடித்த வெற்றுத் தோட்டா அதை வெளியே தள்ளிவிட்டது.

மோட்டார் சைக்கிள் துரத்தலில் வேகம் லென்சின் வேலை. நொடிக்கு 18 படச் சட்டங்களில் (ஃபிரேம்களில்) எடுத்து 24இல் ஓட்டினால் 30 கிலோமீட்டர் வேகம் 40 போலத் தெரியும். கேமராவைத் தாழ்த்தி, முன்னால் சில மட்டைகள் வேகமாகக் கடக்கும்படி வைத்தால் இன்னும் கூடும். நீளமான லென்சில் தூரத்திலிருந்து எடுத்தால் 15 மீட்டர் இடைவெளியில் வரும் இரண்டு வண்டிகள் முட்டிக்கொள்வது போலிருக்கும். 30க்கு மேல் போகவே வேண்டாம். நாயகனுக்கு முகம் மூடிய ஹெல்மட் கொடுத்துவிடுங்கள். தலை தப்பும், நடிகருக்குப் பதில் கைதேர்ந்த நண்பர் ஓட்டினாலும் யாருக்கும் தெரியாது. முழங்கால், முழங்கை, முதுகுக் காப்புகள் சட்டைக்குள்ளே இருக்கட்டும். கேமராக்காரர் பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு எடுப்பது, வண்டி வரும் பாதையில் ஒருவர் குந்தியிருந்து கடைசி நொடியில் ஒதுங்குவது இரண்டையும் தடைசெய்யுங்கள். பாதை ஓரத்தில் கேமராவை நிறுத்தி ஓடவிட்டு ஆள் விலகிவிடலாம்.

பாதையை முதல் நாள் பார்த்தது போதாது, எடுக்கும் அன்று காலையில் முழுத் தூரமும் நடக்க வேண்டும். உதிர்ந்த செம்பனைப் பழங்கள் டயருக்கடியில் உருளும். மட்டையின் முள் டயரை மட்டுமல்ல, சப்பாத்தையும் துளைக்கும். பெரணி மூடிய வடிகால் வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாது. மாடுகள் எப்போது குறுக்கே வரும் என்று மாடுகளுக்கே தெரியாது. எலியைத் தேடி நாகம் வரும் இடம், மட்டைக் குவியலுக்குள் கையை விடாதீர்கள். கீழே விழும் காட்சிக்கு வண்டி சட்டத்தை விட்டு வெளியேறட்டும், ஒரு கைப்பிடிச் செம்மண் பறக்கட்டும், அடுத்து சாய்ந்து கிடக்கும் வண்டியின் சக்கரம் சுற்றட்டும். யாரும் விழ வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பேராக்கில் இருப்பதால் சொல்கிறேன். லொக்கேஷன் பார்க்கப் போகும்போது பழைய ஈயச் சுரங்கக் குட்டை அழகாகத் தெரியும், யாராவது ஒருவர் “இதிலே ஒரு காட்சி வைக்கலாமே” என்பார். கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் தலைக்கு மேல் ஆழம், அடியில் சேறு. 2016இல் பெங்களூர் அருகே ஒரு நீர்த்தேக்கத்தில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்த மூவரில் கதாநாயகர் மட்டும் மீட்கப்பட்டார். நீச்சலில் தேர்ச்சியில்லாத மற்ற இரண்டு நடிகர்களும் மூழ்கினார்கள். கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

தளத்தில் யார் ‘நிறுத்து’ என்று சொல்வது? இயக்குநர் அல்ல. இயக்குநருக்குக் காட்சி முடிய வேண்டும் என்ற ஆசை இருக்கும், அந்த ஆசை கண்ணை மறைக்கும். நடிக்காத, கேமரா பிடிக்காத ஒருவரைப் பாதுகாப்புக்கென்று நியமியுங்கள். அவர் சொன்னால் விவாதமில்லை. தேநீர் கொடுக்கும் பையன் சொன்னாலும் நிறுத்த வேண்டும். நிறுத்தும் சொல் வசனத்தில் வராததாக இருக்கட்டும். சண்டைக் காட்சியில் நடிகர் “விடு, நிறுத்து, வலிக்குது” என்று கத்தினால் அது நடிப்பா நிஜமா என்று யாருக்குத் தெரியும்? சாகசத் துண்டுகளைக் காலையில், எல்லோரும் தெம்பாக இருக்கும்போது முடியுங்கள். மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். இடி கேட்டதும் கேமராவின் உலோகக் கால்களை மடக்கிவிட்டு வண்டிக்குள் போங்கள், செம்பனை மரத்தடியில் நிற்காதீர்கள். வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களைத் தடுக்கக் கயிறு போதாது, அவர்களுக்குத் தெரிந்த ஓர் அக்காவை நிறுத்துங்கள்.

தோட்டத்துக்குள் முகவரி கிடையாது. 999ஐ அழைத்து “பத்தாம் பிளாக், பெரிய மரத்துப் பக்கம்” என்றால் ஆம்புலன்ஸ் வராது. வரைபடக் குறியீட்டை முன்பே எடுத்து எல்லோர் கைப்பேசியிலும் போடுங்கள், கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் இடம் எது என்று பார்த்து வையுங்கள். செம்பனைக் குலைத் திருட்டுக்குப் பயந்து பல தோட்டங்களில் நுழைவாயில் தடுப்பைப் பூட்டிவிடுவார்கள். சாவி யாரிடம், அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்று கேட்டு வையுங்கள். ஒரு காரும் நடிக்காத ஓட்டுநரும் சாவியோடு தயாராக இருக்க வேண்டும். சாதாரண வெட்டுக்காயத்துக்கு உங்கள் ஊர் மருத்துவமனை, பெரிய காயமென்றால் அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்புவார்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போகும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தலையை அசையாமல் பிடித்தபடி காத்திருங்கள்.

காகிதங்கள். ஃபினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) தரும் அனுமதி தோட்டத்துக்குள் நுழையும் அனுமதி ஆகாது. தோட்ட நிர்வாகியிடம் தனியாக எழுத்தில் வாங்குங்கள், சாகசக் காட்சி இருக்கிறது என்பதை மறைக்காதீர்கள். போலீஸ் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லாமல் பாராங் சண்டை எடுத்தால், சாலையில் போகிறவர் நிஜமென்று நினைத்துப் போலீசை அழைப்பார். அதைவிட மோசம், விலக்கிவிட ஓடி வருவார். சுயதொழில் செய்பவர்களுக்கான பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) திட்டத்தில் சேர்வதற்கு ஆகும் ஆண்டுச் சந்தா பெரிய தொகையல்ல. யாருக்குப் பொருந்தும் என்று அலுவலகத்தில் கேளுங்கள். தனியார் விபத்துக் காப்புறுதி எடுத்தால் விலக்குகளின் பட்டியலை முதலில் படியுங்கள், சாகசச் செயல்களை அங்கேதான் ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

“எனக்கு என்ன நேர்ந்தாலும் யாரும் பொறுப்பல்ல” என்று நண்பரிடம் எழுதி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கவனக்குறைவால் ஒருவருக்கு மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் குற்றம். இறந்தவர் எழுதிக் கொடுத்த தாள் அரசுத் தரப்பை வழக்குப் போடவிடாமல் தடுக்காது. வாங்க வேண்டாம்.

கடைசியாகப் பணம். முழுப் படப்பிடிப்புக்கும் சண்டைப் பயிற்சியாளரை வைக்க முடியாது என்பது புரிகிறது. ஒரே ஒரு நாளுக்கு, ஒத்திகைக்கு மட்டும், கோலாலம்பூரிலிருந்து ஒருவரை அழையுங்கள். ட்ரோன் வாடகைக்கு ஒதுக்கியிருப்பதை இதற்குத் திருப்பினால் வந்துவிடும், ட்ரோன் காட்சி இல்லாமல் எந்தக் குறும்படமும் கெட்டதில்லை. அவர் வருவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டையும் கோட்டோவியமாக வரைந்து அனுப்பிவிடுங்கள். கோயில் மண்டபத்தையோ பள்ளி மண்டபத்தையோ அரை நாளுக்குக் கேட்டு வாங்கி, பாராங் சண்டையை அங்கே முடித்துக்கொள்ளுங்கள். மீதி அரை நாளில் மோட்டார் சைக்கிள் பாதையை அவரோடு நடந்து பாருங்கள். புகைக்கூடத்தின் தூரக் காட்சிக்குக் கேமராவை எங்கே வைப்பது என்பதையும் அன்றே அவரிடம் கேட்டு, இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வாருங்கள்.